வீட்டில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருக்கிறது, வண்டியை ஓட்டுவது வேறு ஆள். நம்ம மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ளதுதான். அப்பா மஸ்கட்டிலோ குவைத்திலோ இருப்பார், கார் கருங்கலில் நிற்கும், மகன் ஓட்டுவான், அவசரத்துக்கு அம்மா ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து சாவி கேட்பார். நாகர்கோவிலில் 26 வருடம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கே நேராகக் கேட்கிறார்கள். இங்கே கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் குடும்பத்தோடு இருக்கிறான். மருமகளின் தம்பியும் அவர்களோடு தங்கித்தான் வேலைக்குப் போகிறான். நானும் என் மனைவியும் அடுத்த மாதம் போய் ஐந்து மாதம் இருக்கப் போகிறோம். கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வீட்டில் உள்ள எல்லாருடைய பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் விவரம் கேட்கிறார்களாம். “உங்க பேரையும் மச்சினன் பேரையும் போட்டா பணம் கூடும், சொல்லாம விட்டுடுன்னு பிரெண்டு சொல்றான்” என்கிறான் மகன். நான் இங்கே 31 வருடமாக ஓட்டுகிறேன். காருக்குப் போடும் இன்சூரன்ஸுக்கு வீட்டு ஆள்கணக்கு எதற்கு?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: அந்த நண்பர் சொன்னதை உங்கள் மகன் கேட்கவே கூடாது ஐயா. முதலில் அதைப் போனில் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தை வைத்துப் பார்த்தால் அங்கே நடப்பது விளங்காது. இங்கே பாலிசி வண்டியோடு ஒட்டியது. என்ஜின் சி.சி., வண்டியின் வயது, இன்றைய மதிப்பு, எங்கே பதிவானது, இவற்றை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள், ஓட்டுகிறவருக்கு 19 வயதா 59 வயதா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் வண்டியையும் பார்ப்பார்கள், ஆளையும் பார்ப்பார்கள். லைசென்ஸ் எடுத்து எத்தனை வருடம், வேகமாகப் போனதற்கு அபராதச் சீட்டு வாங்கியிருக்கிறாரா, முன்பு விபத்து உண்டா, என்ன வயது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடை போட்டுத்தான் தொகை வரும். பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் லைசென்ஸ் எடுத்தால் அந்தக் குடும்பத்தின் பிரீமியம் திடீரென்று ஏறுவது இதனால்தான்.

வண்டி ஓட்டாத ஆளையும் ஏன் கேட்கிறார்கள் என்றால், ஒரே கூரைக்குக் கீழே இருப்பவருக்குச் சாவி எட்டும். சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, பால் வாங்க வேண்டும், மகன் தூங்குகிறான், மச்சினன் எடுத்துக்கொண்டு போகிறான். இதை ஒவ்வொரு தடவையும் யாரும் அனுமதி கேட்டுச் செய்வதில்லை. அதனால் ஓட்டும் வயதுக்கு வந்த எல்லாரையும், 14 அல்லது 15 வயதிலிருந்தே, லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதச் சொல்கிற கம்பெனிகள் அங்கே நிறைய. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டினால் பெரும்பாலான பாலிசிகளில் அது செல்லும். கூடவே குடியிருப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

மறைத்தால் தெரியாது என்று நினைப்பதும் தவறு. அதே முகவரியில் வேறு யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது, யார் பெயரில் முன்பு க்ளைம் ஆகியிருக்கிறது என்று பார்க்க அங்கே தகவல் தொகுப்புகள் உண்டு. புதிதாக எழுதும்போதும் பார்ப்பார்கள், புதுப்பிக்கும்போதும் பார்ப்பார்கள். அப்போதே தெரிந்தால் பிரீமியத்தைக் கூட்டுவதோடு போகும். விபத்துக்கு அப்புறம் தெரிந்தால்தான் ஆபத்து. உண்மையை மறைத்து வாங்கிய பாலிசி என்று சொல்லி முதல் நாளிலிருந்தே அதை இல்லாமல் ஆக்கலாம், சொந்தக் காரின் செலவைத் தர மறுக்கலாம், அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டோம் எனலாம். எது எந்த அளவுக்குச் செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் எங்கேயும் அது நல்லதாக முடியாது.

இன்னொன்றையும் உங்கள் மகன் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே விபத்தில் அடுத்தவர் உயிர் போனாலோ காயம்பட்டாலோ தேர்ட் பார்ட்டி பாலிசி தரவேண்டிய இழப்பீட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. அங்கே உண்டு. டெக்சாஸில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லாருக்குமாக 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. அமெரிக்க ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது எந்த மூலைக்கு? பாலிசியில் எழுதிய தொகைக்கு மேலே போவதெல்லாம் ஓட்டியவர் தலையில்தான் விழும். அந்தப் பாலிசியும் செல்லாமல் போனால் மொத்தமும் மகனின் சேமிப்பில் கை வைக்கும்.

இப்போது ஆள் ஆளாகச் சொல்கிறேன். மச்சினன் பெயரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், அவன் அங்கேதான் குடியிருக்கிறான். அவனுக்குத் தனியாகக் காரும் தனி இன்சூரன்ஸும் இருந்தால் அதன் நகலைக் கொடுத்து, “இந்த வீட்டில் இருக்கிறார், வேறு பாலிசியில் இருக்கிறார்” என்று எழுத வைக்கலாம், அப்போது பணம் கூடாமலும் போகலாம். உங்களைப் பொறுத்தவரை, நீங்கள் விருந்தாளிதான், ஆனால் ஐந்து மாதம் இருக்கப்போகிற விருந்தாளி. ஓட்டுவதாக இருந்தால் புறப்படும் முன்பே மகன் ஏஜென்டிடம் சொல்லி உங்கள் பெயரைச் சேர்க்கட்டும். இந்திய லைசென்ஸை ஏற்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 31 வருட அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் புது ஓட்டுநராக வைத்துக்கூடப் பிரீமியம் போடுவார்கள், அதற்காக மனம் வருந்த வேண்டாம். இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், அது ஒரு வருடம் செல்லும். ஓட்டப்போவதில்லை என்றால் அதையும் சொல்லி, பதிலை மெயிலில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். போனில் “ஓகே” என்று யாரோ சொன்னது நாளைக்கு நிற்காது.

ஒரு வழி இருக்கிறது, அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கூடாமல் இருக்க “இன்னார் இந்தக் காரை ஓட்ட மாட்டார்” என்று பெயர் சொல்லி விலக்கிக் கையெழுத்துப் போடலாம். டெக்சாஸில் அதற்கு இடம் உண்டு, சில மாநிலங்களில் இல்லை. அப்படி விலக்கிய ஆள் ராத்திரி 2 மணிக்கு உங்கள் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரை எடுத்தாலும் அந்த ஓட்டத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அன்றைக்கே அந்த ஆளிடம் சொல்லி, சாவியை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் நர்ஸ். மருமகன் ஐந்து மாதம் முன்புதான் அங்கே லைசென்ஸ் எடுத்தார். தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போவது அவர்தான், மகள் பஸ்ஸில் போகிறாள். ஆனால் மகளை முதன்மை ஓட்டுநர் என்றும் அவரைக் கூடுதல் ஓட்டுநர் என்றும் போட்டால் பெரிய தொகை மிச்சமாம். செய்யலாமா?
வாசகி, குளச்சல்

பதில்: செய்யக் கூடாது அம்மா. அங்கே இதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், ஃப்ரண்டிங் என்பார்கள், அதை மோசடியாகத்தான் பார்க்கிறார்கள். தெரிந்தே பொய் சொன்னதாகத் தெரிந்தால் பாலிசியை இல்லாமல் ஆக்கிக் கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ள 2012-ஆம் வருடச் சட்டம் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. அப்புறம் அவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர் ஆகிவிடுவார்; அந்தக் குற்றத்துக்கு லைசென்ஸில் குறைந்தது 6 தண்டனைப் புள்ளிகள் ஏறும். லைசென்ஸ் எடுத்த இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், முதலிலிருந்து எழுதித் தேற வேண்டும். மருமகனை முதன்மை ஓட்டுநராகவும் மகளைக் கூடுதலாகவும் உண்மைப்படி போடுங்கள். அனுபவமுள்ள ஒருவர் கூடுதல் ஓட்டுநராக இருந்தால் சில கம்பெனிகளில் பிரீமியம் குறையவும் செய்யும்.

கேள்வி: வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். கார் அவர் பெயரில் இருக்கிறது. நானும் 22 வயது மகனும் ஓட்டுகிறோம், இரண்டு பேருக்கும் லைசென்ஸ் உண்டு. ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம், அதில் 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னார். எங்கள் பெயர் பாலிசியில் எங்குமே இல்லை. ஏதாவது ஆனால் கிடைக்குமா?
வாசகி, கருங்கல்

பதில்: நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு மூன்று பதில் இருக்கிறது. இரண்டு நல்ல பதில், ஒன்று கெட்டது.

உங்கள் மகன் ஓட்டும்போது வேறு ஒருவருக்கு அடிபட்டால் தேர்ட் பார்ட்டி பகுதி வேலை செய்யும். கார் சேதமானாலும் க்ளைம் கிடைக்கும். பாலிசியில் ஓட்டுநர் பற்றி ஒரு பத்தி இருக்கும், எடுத்துப் படியுங்கள்: விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கிற, லைசென்ஸ் வாங்கத் தடை செய்யப்படாத எவரும் ஓட்டலாம் என்றுதான் அதன் அர்த்தம். ஆர்.சி.யில் பெயர் வேண்டும் என்றோ பாலிசியில் பெயர் வேண்டும் என்றோ இல்லை.

கெட்ட பதில் அந்த 15 லட்சத்தில் இருக்கிறது. அதன் பெயரே ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு. பதிவான ஓனரும் பாலிசிதாரரும் ஒருவராக இருந்து, அவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால்தான் அது அவருக்கு. உங்களுக்கும் மகனுக்கும் அதில் ஒரு ரூபாய் இல்லை. சரி, தேர்ட் பார்ட்டி பகுதியில் கேட்கலாமே என்றால் அதுவும் நடக்காது. மகன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போய்த் தானே மரத்தில் மோதினால், சட்டத்தின் கண்ணில் அவன் மூன்றாம் ஆள் இல்லை. ஓனரின் இடத்தில் நிற்கிறவன். இரவல் வண்டி ஓட்டி இறந்தவரின் குடும்பம் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் இதைத்தான் சொன்னது.

இதை நான் ஒரு வீட்டில் நேராகப் பார்த்தேன். குலசேகரம் பக்கம் ஒரு குடும்பம், அப்பா கல்ஃபில், பைக் அவர் பெயரில், பாலிசி எழுதினது நான். மழை விட்ட சாயங்காலம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் போகிற வளைவில் பையன் வழுக்கி விழுந்து இறந்தான். காரியம் முடிந்து பாலிசித் தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் வந்து, “15 லட்சம்னு எழுதியிருக்கே அண்ணாச்சி” என்று விரலை வைத்துக் காட்டினார். எனக்குப் பேச வாய் வரவில்லை. வண்டியை யார் ஓட்டுவது என்று ஒரு வார்த்தை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் பையனுக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எழுதியிருப்போம், பைக் பாலிசிக்குக் கட்டிய பணத்தை விடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். அதற்கு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒரு பாலிசியும் எழுதியதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்கும் மகனுக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி எடுங்கள். அது ஆளோடு போவது, எந்த வண்டி ஓட்டினாலும், பஸ்ஸில் போனாலும், நடந்து போனாலும் கூட வரும். கார் பாலிசியிலேயே பெயர் குறிப்பிட்டு விபத்துக் காப்பீடு சேர்க்கவும் வழி உண்டு, ஆனால் அதன் தொகை சிறியது. சீட் கணக்கில் பயணிகளுக்குச் சேர்ப்பது வேறு, ஓட்டுகிறவரைப் பயணி என்று எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் அதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டுக்காரரின் லைசென்ஸ் எப்போது முடிகிறது? 2019 திருத்தத்துக்கு அப்புறம், 30 வயதுக்கு முன்பு எடுத்தால் 40 வயது வரைதான் செல்லும்; அதற்கு முன்பே எடுத்த லைசென்ஸ் என்றால் அதில் அச்சான தேதியைப் பாருங்கள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். கல்ஃபில் இருப்பவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து அந்தக் காலாவதியான லைசென்ஸோடு காரை எடுக்கிறார்கள். அப்போது அந்த 15 லட்சம் அவருக்கும் இல்லை, காருக்கும் க்ளைம் இல்லை. முன்பு காலாவதிக்கு அப்புறம் 30 நாள் அவகாசம் இருந்தது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அது கிடையாது. ஆனால் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம், அடுத்த லீவில் வரும்போது அந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் என் பெயரில், எனக்கு ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் இல்லை. மகன்தான் ஓட்டுகிறான். புதுப்பிக்கும்போது எனக்கும் விபத்துக் காப்பீட்டுப் பணம் வாங்கினார்கள். சரியா?
வாசகி, தோவாளை

பதில்: சரியில்லை. லைசென்ஸ் இல்லாத ஓனருக்கு அந்தக் காப்பீடு கட்டாயமும் இல்லை, பயனும் இல்லை. லைசென்ஸ் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை மகனின் தனிப் பாலிசிக்குப் போடுங்கள்.

கேள்வி: மகளுக்கு எல்.எல்.ஆர். கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. தக்கலையிலிருந்து காலேஜுக்கு ஸ்கூட்டரில் தோழியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகிறாள். அதே ஸ்கூட்டரைத் தம்பியும் (16 வயது) கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறான். இன்சூரன்ஸ் இருக்கிறது.
வாசகர், தக்கலை

பதில்: இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். எல்.எல்.ஆர். வைத்து ஓட்டலாம், பாலிசியும் அதை ஏற்கும், ஆனால் ‘எல்’ போர்டு இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுக்கக் கூட இருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் கற்றுக்கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. தோழியோடு தனியாகப் போவது விதியை மீறியது, க்ளைம் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனதும் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம், இன்னும் சில நாள் பஸ்ஸில் போகட்டும்.

தம்பி விஷயம் இதைவிடப் பெரியது. 16 வயதில் கிடைப்பது 50 சி.சி. வரையுள்ள கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ், உங்கள் ஸ்கூட்டர் 110-ஓ 125-ஓ இருக்கும். சிறுவன் ஓட்டி விபத்தானால் பெற்றோரோ ஓனரோ குற்றவாளியாக நிற்க வேண்டும்: 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுத்தான் கோட்டாறு, சுசீந்திரம் போய் வருகிறேன். இரண்டு மூன்று பேர் மாறி மாறி வருவார்கள்.
வாசகர், நாகர்கோவில்

பதில்: மாறி மாறி வந்தாலும் பாதகமில்லை, ஒவ்வொருவரின் லைசென்ஸையும் கேட்டுப் பாருங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அது போலி லைசென்ஸ் என்று தெரிந்தாலும், ஓனர் தன்னால் முடிந்த கவனத்தோடு பார்த்துத்தான் வண்டியைக் கொடுத்தார் என்றால் பழி அவர்மேல் விழாது. ஓனர் தெரிந்தே தவறு செய்தார் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்பு என்று ஒரு வரி உண்டு, மிகச் சிறிய தொகை, அதையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் காரை ஓட்டும்போது அவருக்கு அடிபட்டால் அவர் குடும்பம் உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டிய நிலை வரக்கூடாது.

கேள்வி: களியக்காவிளை தாண்டித் தினமும் திருவனந்தபுரம் போகிறேன். தமிழ்நாட்டு பாலிசி கேரளாவில் செல்லுமா?
வாசகர், குழித்துறை

பதில்: செல்லும், இந்தியா முழுக்கச் செல்லும், லைசென்ஸும் அப்படியே. கேரளாவிலேயே வண்டியை நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் பதிவையும் வரியையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சொந்த கார், வெள்ளை போர்டு. சீசன் நேரத்தில் தெரிந்தவர்கள் கன்னியாகுமரி, திற்பரப்பு, பேச்சிப்பாறை சுற்றிப் பார்க்கக் கேட்பார்கள். டீசல் போட்டுவிட்டு நாளுக்கு இவ்வளவு என்று தருவார்கள். லைசென்ஸ் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.
வாசகர், கொட்டாரம்

பதில்: லைசென்ஸ் இருந்தும் இங்கே உதவாது. தனிப்பட்ட உபயோகத்துக்கு என்று எழுதிய பாலிசியில் வாடகைக்கு விடுவது விலக்கப்பட்டிருக்கிறது. பணம் வாங்கியது தெரிந்தால் காருக்கான க்ளைம் போகும், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும் அதை உங்களிடமிருந்து திருப்பிக் கேட்கும். பணம் வாங்காமல் நண்பருக்குக் கொடுத்தால் அது வேறு. வாடகைக்கு விடத்தான் வேண்டும் என்றால் முறையாக அனுமதி எடுத்து வாடகை வண்டியாக மாற்றி அதற்குரிய பாலிசி போடுங்கள்.

கேள்வி: போன வாரம் பார்வதிபுரம் பக்கம் என் பைக்கை எடுத்துக்கொண்டு போன அக்கா மகன் ஒரு பெரியவர் மேல் இடித்துவிட்டான். அவனுக்கு 20 வயது, லைசென்ஸ் இல்லை. பெரியவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். “நீதான் ஓட்டுனேன்னு சொல்லிடு, உனக்கு லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் கிடைச்சிடும்” என்று வீட்டில் எல்லாரும் நெருக்குகிறார்கள். அத்தான் அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?
வாசகர், வில்லுக்குறி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தான் அழுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லாதீர்கள்.

ஆள் மாற்றிச் சொல்வது பழைய வழக்கம், முன்பு சில இடங்களில் நடந்தும் இருக்கிறது. இப்போது நிற்பதில்லை. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று எழுதுவார்கள், அடிபட்டவர் வந்ததும் எப்படி நடந்தது, யார் ஓட்டியது என்று கேட்டு நேரத்தோடு குறிப்பார்கள். அக்கா மகனுக்கும் சிராய்ப்பு இருந்து கட்டுப் போட்டிருந்தால் அவன் பெயரும் அதில் இருக்கும். ரோட்டோரக் கடைகளில் கேமரா இருக்கிறது, உங்கள் போன் அந்த நேரத்தில் எந்த டவரில் இருந்தது என்பதும் தெரியும். கம்பெனி அனுப்பும் விசாரணையாளருக்கு இதுதான் வேலை. பொய் என்று தெரிந்தால் விபத்து வழக்கு ஒரு பக்கம் இருக்க, போலீஸில் பொய்த் தகவல் கொடுத்ததற்கும் இன்சூரன்ஸை ஏமாற்றப் பார்த்ததற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும், ஒன்றும் செய்யாத நீங்கள்.

உங்கள் வீட்டாருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொன்னால் நெருக்குவதை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்ற உண்மையைச் சொன்னாலும் அந்தப் பெரியவருக்கு இழப்பீடு போய்ச் சேர வழி உண்டு. முதலில் அடிபட்டவருக்குக் கொடு, அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயங்கள் கம்பெனிக்கு உத்தரவிடுவது பல வருடமாக நடப்பதுதான். வசூலிக்க வருவது உங்களிடம், அது கஷ்டம்தான், மறுக்கவில்லை. நீங்கள் சாவி கொடுத்தீர்களா, கேட்காமல் எடுத்தானா என்பது அங்கே முக்கியம். நடந்தது எதுவோ அதை மட்டும் வக்கீலிடம் சொல்லுங்கள். தெரிந்தே கொடுத்திருந்தால் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ சட்டத்தில் உண்டு, ஓட்டியதற்கு அவனுக்கும் அபராதம் உண்டு. பைக்கைச் சரி செய்யும் செலவு கிடைக்காது. அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள், மருந்துச் செலவுக்கு முடிந்ததைக் கொடுங்கள், அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பா இறந்து இரண்டு மாதம் பத்து நாள் ஆகிறது. கார் அவர் பெயரில், பாலிசி இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நானும் தங்கையும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பாலிசி முடியும்போது பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார்.
வாசகி, இரணியல்

பதில்: அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஏழு மாதம் இல்லை. பாலிசிதாரர் இறந்தால் பாலிசி அந்த நிமிடமே சாகாது, இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை நிற்கும், அதற்கு முன்பே காலம் முடிந்தால் அத்தோடு முடியும். அந்த மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஆர்.சி.யை மாற்றவும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இறப்புக்கு அப்புறம் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., பாலிசி, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார் அதிகம் ஓட்டுகிறீர்களோ, லைசென்ஸ் யாருக்கு உயிரோடு இருக்கிறதோ, அவர் பெயருக்கே மாற்றுங்கள். அப்பாவின் 15 லட்சம் காப்பீடு அவரோடு போய்விட்டது, புது ஓனருக்கு அதைப் புதிதாக எடுக்க வேண்டும். க்ளைம் இல்லாமல் அப்பா சேர்த்துவைத்த போனஸ் தள்ளுபடி இருந்தால், இறப்பால் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கார் வரும்போது அதைத் தொடர விடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. வாரிசுச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழின் நகலோடு நாளைக்கே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.